முல்லைப் பெரியாறு: 142 அடி என்றால் உண்மையில் எவ்வளவு அழுத்தம்? அசையாத தண்ணீரோடு மல்லுக்கட்டிய பென்னிகுயிக்கின் கதை

வடகிழக்கு பருவமழை சூடு பிடித்தாலே சென்னை புறநகரில் ஒரு அறிவிப்பு வரும். செம்பரம்பாக்கம் ஏரியில் உபரி நீர் திறப்பு. குன்றத்தூர், திருமுடிவாக்கம், திருநீர்மலை உள்ளிட்ட அடையாறு கரையோர மக்கள் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதுதான் அது. கூடவே ஏரியின் நீர்மட்டம் இத்தனை அடி என்று ஒரு எண்ணும் ஓடும். செம்பரம்பாக்கத்தின் முழு ஆழம் 24 அடி.

அதே டிவி திரையில், அதே சீசனில், தேனி பக்கத்திலிருந்து இன்னொரு எண்ணும் வரும். முல்லைப் பெரியாறு நீர்மட்டம் 136 அடி, 138 அடி, 142 அடி. அந்த எண் ஒவ்வொரு அடி ஏறும்போதும் கேரளத்தில் ஒரு பதற்றம், தமிழ்நாட்டில் ஒரு எதிர்பார்ப்பு.

தண்ணியை லிட்டரில் அளக்கலாம், டிஎம்சியில் அளக்கலாம். அப்படியிருக்க, இரண்டு மாநிலங்கள் ஏன் 'அடி'க்காக மோதிக்கொள்கின்றன? இதற்கான பதில், அந்த அணையைக் கட்டிய ஜான் பென்னிகுயிக்கின் வாழ்க்கைக்குள் இருக்கிறது. அவர் வாழ்நாளின் முக்கியமான பகுதியைச் செலவழித்தது ஒரே ஒரு கேள்விக்காகத்தான்: அசையாமல் நிற்கும் தண்ணீர் ஒரு சுவரை எவ்வளவு பலமாகத் தள்ளும்?

யார் இந்த பென்னிகுயிக்?

ஜான் பென்னிகுயிக் பிறந்தது 1841 ஜனவரி 15-ல், புனேயில். அப்பா பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1849 ஜனவரி 13 அன்று, இன்றைய பாகிஸ்தானில் உள்ள சிலியன்வாலாவில் சீக்கியப் படைகளுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் நடந்த போரில் அப்பா கொல்லப்பட்டார். அதே களத்தில், அதே நாளில், 17 வயது அண்ணன் அலெக்சாண்டரும் உயிரிழந்தார். அடுத்த இரண்டு நாளில் சிறுவன் ஜானுக்கு எட்டாவது பிறந்தநாள்.

அப்பாவும் அண்ணனும் போன அதே ராணுவ வழியில்தான் அவரும் போனார். ஆனால் கையில் எடுத்தது பொறியியலை. இங்கிலாந்தில் அடிஸ்கோம்பில் இருந்த கிழக்கிந்திய கம்பெனியின் ராணுவப் பள்ளியில் படித்து, மெட்ராஸ் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தார். 1860-ல் இந்தியா வந்தார். நடுவில் 1868-ல் அபிசீனியா படையெடுப்பில் பங்கேற்றதைத் தவிர, அவருடைய பணிக்காலத்தின் பெரும்பகுதி மெட்ராஸ் மாகாணப் பொதுப்பணித் துறையில்தான் கழிந்தது.

நூறு வருஷம் கனவாகவே இருந்த திட்டம்

பெரியாறு மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து மேற்கே ஓடி அரபிக் கடலில் கலக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் அடைமழை. இந்தப் பக்கம், வைகையை நம்பியிருக்கும் மதுரை, ராமநாதபுரம் சீமையில் வறட்சி. மலையைக் குடைந்து அந்தத் தண்ணியை இந்தப் பக்கம் திருப்பினால் என்ன?

இந்த யோசனை பென்னிகுயிக்குக்கு முதலில் வந்தது இல்லை. ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்பப் பிள்ளை 1789-லேயே ஆட்களை அனுப்பி இடத்தைப் பார்க்க வைத்தார். செலவைப் பார்த்து அது நின்றுபோனது. 1808-ல் ஆய்வு செய்த கேப்டன் கால்டுவெல், இது நடக்காத காரியம் என்று முடிவு கட்டினார். 1850-ல் ஒரு சிறிய அணையைத் தொடங்கி பாதியில் கைவிட்டார்கள். 1867-ல் மேஜர் ரைவ்ஸ் என்ற பொறியாளர் 162 அடி உயரத்துக்கு மண் அணை கட்டலாம் என்று திட்டம் போட்டார்.

அதற்குள் 1876-ல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். தண்ணீர் இல்லாத மண்ணில் வேறு வழியே இல்லை என்பது அரசுக்கும் புரிந்தது. 1882-ல் புதிய திட்டம் தயாரிக்கும் பொறுப்பு மேஜர் பென்னிகுயிக்கிடம் வந்தது.

அவர் மண் அணையை ஒதுக்கினார். கல்லும் சுண்ணாம்புக் கான்கிரீட்டும் சேர்ந்த, தன் சொந்த எடையாலேயே நிற்கும் அணை. ஆங்கிலத்தில் 'கிராவிட்டி டேம்' என்பார்கள். தமிழில் 'எடை அணை' என்று சொல்லலாம். ஏன் எடை? இங்கேதான் அறிவியல் உள்ளே வருகிறது.

நிற்கிற தண்ணீர் ஏன் தள்ளுகிறது?

ஒரு சின்ன உதாரணம். திருமுடிவாக்கம் பக்கம் மூன்று மாடி வீடு ஒன்று. மொட்டை மாடியில் தண்ணீர் தொட்டி. கீழ்த்தளக் குழாயிலிருந்து தொட்டியின் நீர்மட்டம் வரை 10 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். குழாயை மூடி வைத்திருக்கும்போது, அந்தக் குழாயின் வாயில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 1 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் இருக்கும்.

இப்போது 500 லிட்டர் தொட்டியை எடுத்துவிட்டு 5,000 லிட்டர் தொட்டி வைக்கிறீர்கள். நீர்மட்டத்தின் உயரம் அதேதான். குழாயில் அழுத்தம் பத்து மடங்கு ஏறுமா?

ஏறாது. அதே 1 கிலோதான்.

அசையாத தண்ணீரின் அழுத்தம் ஆழத்தை மட்டுமே பொறுத்தது. எவ்வளவு தண்ணி இருக்கிறது என்பதோ, பாத்திரம் அகலமா குறுகலா என்பதோ அதற்குத் தெரியாது. நெதர்லாந்துப் பகுதியைச் சேர்ந்த சைமன் ஸ்டெவின் 1586-லேயே இதை எழுதிவிட்டார். பிறகு பிரான்ஸின் பிளேஸ் பாஸ்கல் இன்னும் தெளிவாக்கினார். ஒரு புள்ளியில் அழுத்தம் கீழ்நோக்கி மட்டும் இல்லை, பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் இருக்கும் என்பதும் அவர் விளக்கியதுதான்.

இந்தக் கணக்கை ஏரிக்கும் அணைக்கும் போட்டுப் பார்ப்போம். முழுக் கொள்ளளவில் 3.645 டிஎம்சி தண்ணீர் பிடிக்கும் செம்பரம்பாக்கத்தில் ஆழம் 24 அடி. அதாவது 7.3 மீட்டர். அடியில் தண்ணீரின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 0.73 கிலோ. முல்லைப் பெரியாறில் 142 அடி என்றால் 43.3 மீட்டர். அடியில் சுமார் 4.33 கிலோ. கிட்டத்தட்ட ஆறு மடங்கு. ஏரி இன்னும் பத்து மடங்கு பரந்து விரிந்திருந்தாலும், 24 அடி ஆழத்தில் அந்த 0.73 மாறப்போவதில்லை.

டிஎம்சி இல்லாமல் அடியைப் பற்றி ஏன் பேசுகிறார்கள் என்பதற்கான விடை இதுதான். அணைச் சுவருக்கு டிஎம்சி தெரியாது, அடி மட்டும்தான் தெரியும்.

சுவருக்கு விழும் மொத்த அடி எவ்வளவு?

மேற்பரப்பில் அழுத்தம் பூஜ்ஜியம். கீழே போகப் போக ஒரே சீராக ஏறும். அதனால் சுவரின் மேல் விழும் தள்ளுவிசையைப் படமாக வரைந்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். மேலே கூர்மை, கீழே அகலம். அணைகள் ஏன் மேலே ஒல்லியாகவும் அடியில் பருமனாகவும் இருக்கின்றன என்பது இப்போது புரியும். முல்லைப் பெரியாறு பிரதான அணையின் உச்சி 12 அடி அகலம். அடித்தளம் சுமார் 140 அடி அகலம். அஸ்திவாரத்திலிருந்து உயரம் 176 அடி. நீளம் சுமார் 1,200 அடி.

மொத்தத் தள்ளுவிசை ஆழத்தின் வர்க்கத்தில் ஏறும். அதாவது ஆழம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. அணையைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புவிசை இன்னும் மோசம். அது ஆழத்தின் கனத்தில் ஏறும். ஆழம் இரண்டு மடங்கானால் எட்டு மடங்கு.

அணையின் அளவுகோல் காட்டும் அடியையே ஆழமாக எடுத்துக்கொண்டு, அணையின் ஆழமான பகுதியில் 1 மீட்டர் நீளத்துக்கு ஒரு தோராயக் கணக்கு போட்டால் இப்படி வரும்:

136 அடியில் தள்ளுவிசை சுமார் 859 டன்.

142 அடியில் சுமார் 937 டன். 25 டன் எடையுள்ள லாரிகள் 37 வரிசையாக வந்து அந்த ஒரு மீட்டர் சுவரைத் தள்ளுவதற்குச் சமம்.

152 அடியில் சுமார் 1,073 டன்.

136-லிருந்து 142-க்கு வெறும் 6 அடிதான். உயரத்தில் நாலரை சதவீதம்கூட கிடையாது. ஆனால் தள்ளுவிசை 9 சதவீதம் கூடுகிறது. திருப்புவிசை சுமார் 14 சதவீதம் கூடுகிறது. 136-லிருந்து 152-க்குப் போனால் தள்ளுவிசை 25 சதவீதமும், திருப்புவிசை 40 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகவும் ஏறும். கடைசி சில அடிகளுக்காக ஏன் இவ்வளவு சண்டை என்றால், சுவரைப் பொறுத்தவரை அந்த அடிகள்தான் ரொம்ப கனமானவை.

பென்னிகுயிக் திட்டம் போட்ட காலத்தில் இந்தக் கணக்கு ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. ஸ்காட்லாந்துப் பேராசிரியர் ராங்கின், மும்பை மாநகராட்சிப் பொறியாளர் ஒருவர் கேட்டதற்காக எழுதிய கல் அணைகள் பற்றிய அறிக்கை 1872-ல் வெளியாகியிருந்தது. தண்ணீர் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும், அணையின் எடையும் அந்தத் தள்ளுதலும் சேர்ந்த விசை அடித்தளத்தின் நடுப்பகுதிக்குள்ளேயே இறங்க வேண்டும் என்பது அதன் சாரம். அப்படி இறங்கினால் கல்லின் எந்த மூலையும் பிளந்து வாய் திறக்காது.

காட்டுக்குள் எட்டு வருடம்

தாளில் கணக்கு சரி. ஆனால் ஆறு இருக்கும் இடம் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குச் சொந்தம். நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு 1886 அக்டோபர் 29-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. சுமார் 8,000 ஏக்கர் நிலம், 999 ஆண்டு குத்தகை, ஏக்கருக்கு வருடம் 5 ரூபாய்.

1887-ல் வேலை தொடங்கியது. சாலை கிடையாது. யானை, புலி உலவும் அடர்ந்த காடு. மலேரியா ஒரு பக்கம், காலரா இன்னொரு பக்கம். கோடையில் காய்ச்சல் தாங்காமல் முகாமே காலியாகிவிடும். மழைக்காலத்தில் ஆறு பொங்கும். நடுவில் கிடைக்கும் சில மாதங்களில் வேலையை முடிக்க வேண்டும். ஓடுகிற ஆற்றைத் தடுத்து, நடுவில் உலர்ந்த இடம் உண்டாக்கி, பாறையில் அஸ்திவாரம் போட வேண்டும். அதற்காகப் போட்ட தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் மறுபடி மறுபடி அடித்துக்கொண்டு போனது.

கட்டும்போது எதிரி ஓடும் தண்ணீர். கட்டி முடித்த பிறகு எதிரி நிற்கும் தண்ணீர். முதல் எதிரி சத்தம் போட்டுக்கொண்டு வருவான். இரண்டாவது எதிரி அமைதியாக வந்து, போகவே மாட்டான். பென்னிகுயிக் இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டியிருந்தது.

அன்று போர்ட்லேண்ட் சிமெண்ட் கப்பலில் வரவேண்டிய, விலை உயர்ந்த சரக்கு. அதனால் சுண்ணாம்பும், செங்கல்லைப் பொடியாக்கிய சுர்க்கியும், மணலும், உடைத்த கல்லும் சேர்த்த கான்கிரீட். முன்னும் பின்னும் கல் கட்டுமானம். தண்ணீரைவிட இரண்டு மடங்குக்கும் மேல் எடையுள்ள கலவை அது. எடைதான் இந்த அணையின் ஆயுதம் என்பதால், எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது.

வேலையில் நோயாலும் விபத்தாலும் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் இறந்தார்கள். அணைக்கு அருகிலேயே அவர்களில் பலர் புதைக்கப்பட்டார்கள். பென்னிகுயிக்கின் பெயர் ஊர் ஊராகச் சிலையாக நிற்கிறது. கல் சுமந்தவர்களில் பெரும்பாலானோர் பெயர் எங்கேயும் இல்லை.

1895 அக்டோபரில் மெட்ராஸ் கவர்னர் வென்லாக் பிரபு திட்டத்தைத் திறந்து வைத்தார். மேற்கே ஓடிய தண்ணீர், மலைக்குள் ஒரு மைலுக்கும் மேல் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி வைகைப் பாசனத்தில் சேர்ந்தது.

சொத்தை விற்றாரா?

பென்னிகுயிக் என்றாலே வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு கதை உண்டு. அரசு பணம் தராததால் இங்கிலாந்தில் இருந்த தன் சொத்தை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்பது அது. மக்கள் மனதில் ஆழமாகப் பதிந்த கதைதான். ஆனால் திட்டத்தின் அரசு ஆவணங்கள் பேசுவது மெட்ராஸ் அரசின் நிதி ஒதுக்கீட்டைப் பற்றித்தான். அந்தக் கதை இல்லாமலேயே அவருடைய சாதனை பெரியதுதான். காடு, காய்ச்சல், வெள்ளம் என்று எட்டு வருடம் அசராமல் நின்றதற்கு வேறு அலங்காரம் தேவையில்லை.

அதே 1895-ல் பிரான்ஸில் நடந்த பேரழிவு

முல்லைப் பெரியாறு திறக்கப்படுவதற்கு சில மாதங்கள் முன்பு, 1895 ஏப்ரல் 27-ல், பிரான்ஸின் கிழக்கே பூசே என்ற இடத்தில் ஒரு கல் அணை உடைந்தது. உயரம் சுமார் 22 மீட்டர்தான். முல்லைப் பெரியாறில் பாதிகூட இல்லை. 80-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

காரணம் என்ன? அதுவரை பொறியாளர்கள் பெரும்பாலும் தண்ணீர் பக்கவாட்டில் தள்ளுவதை மட்டுமே கணக்கில் எடுத்தார்கள். ஆனால் அழுத்தம் எல்லாத் திசையிலும் வேலை செய்யும் என்று பாஸ்கல் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? அணையின் அடியிலும் விரிசல்களிலும் கசிந்து நுழையும் தண்ணீர், அணையைக் கீழிருந்து மேலே தூக்கும். கிணற்றில் இறங்கினால் உடம்பு லேசாகத் தெரியுமே, அதே விசைதான். எடையால் நிற்கும் அணைக்கு இது நேரடி ஆபத்து. தூக்குவிசை கூடக் கூட, அணையின் எடை குறைந்துவிட்ட மாதிரி ஆகிவிடும்.

பூசே விபத்துக்குப் பிறகுதான், பிரெஞ்சு அறிஞர் மொரீஸ் லெவி போன்றவர்களின் ஆய்வால், இந்தத் தூக்குவிசை அணை வடிவமைப்பின் கட்டாயக் கணக்காக மாறத் தொடங்கியது. பென்னிகுயிக்கின் அணைக்கு அஸ்திவாரம் போட்டது அதற்கு முன்பே. 1970-களுக்குப் பிறகு முல்லைப் பெரியாறைப் பலப்படுத்த வேண்டி வந்ததற்கான முக்கியப் பின்னணிகளில் இதுவும் ஒன்று.

சரி, இந்த அழுத்தத்தை எப்படி அளக்கிறார்கள்?

முதல் வழி ரொம்ப எளிது. நீர்மட்டத்தைப் பார். தண்ணீர் அசையாமல் நிற்கிறது என்றால் உயரம்தான் அழுத்தம். அணைச் சுவரில் அடிக்கணக்கு எழுதியிருக்கும் அளவுகோல் உண்மையில் ஒரு அழுத்தமானியும்கூட.

இரண்டாவது வழி, குழாய். இத்தாலியின் டாரிசெல்லி 1640-களில் பாதரசத்தைக் கண்ணாடிக் குழாயில் கவிழ்த்து, காற்றின் அழுத்தம் சுமார் 76 சென்டிமீட்டர் பாதரசத்தைத் தாங்குகிறது என்று காட்டினார். பாதரசத்துக்குப் பதில் தண்ணீர் என்றால் அது சுமார் 10.3 மீட்டர். அதாவது 34 அடி. ஒரு திரவத்தின் உயரத்தைப் பார்த்து அழுத்தத்தைச் சொல்லும் கருவிகள் எல்லாமே இந்தக் குடும்பம்தான்.

அணையில் இதே தத்துவம் 'பீசோமீட்டர்' என்ற பெயரில் வேலை செய்கிறது. அணையின் உடலுக்குள்ளும் அடிப்பாறைக்குள்ளும் குழாய் இறக்கி வைப்பார்கள். கசிந்து வந்த தண்ணீர் அந்தக் குழாயில் எவ்வளவு உயரம் ஏறி நிற்கிறதோ, அவ்வளவு அழுத்தம் அடியில் இருக்கிறது என்று அர்த்தம். நீர்த்தேக்கத்தின் மட்டம் ஏறாமலேயே குழாயில் மட்டம் ஏறினால், உள்ளே ஏதோ மாறுகிறது என்று பொருள். கண்ணுக்குத் தெரியாத தூக்குவிசையை வெளியே கொண்டு வந்து காட்டும் கருவி அது. இப்போது குழாய்க்குப் பதிலாக மின்னணு சென்சார்களும் பயன்படுகின்றன.

மூன்றாவது, முள் காட்டும் வட்ட மீட்டர். பிரான்ஸின் யூஜின் பூர்டான் 1849-ல் காப்புரிமை பெற்ற வடிவம். உள்ளே வளைந்த ஒரு உலோகக் குழாய் இருக்கும். அழுத்தம் ஏறினால் வளைவு கொஞ்சம் நிமிரும். அந்த அசைவு முள்ளைத் திருப்பும். திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டை மாதிரியான இடங்களில் ஹைட்ராலிக் பிரஸ், கம்ப்ரசர் ஓடும் எந்தப் பட்டறையிலும் இந்த மீட்டரைப் பார்க்கலாம். அங்கே 'கேஜ் எவ்ளோ காட்டுது' என்று கேட்பார்களே, அது காட்டுவது காற்றின் அழுத்தத்துக்கு மேல் எவ்வளவு கூடுதல் என்பதை. மேலே அணைக்கும் ஏரிக்கும் சொன்ன கணக்கும் அதே மாதிரிதான்; காற்றழுத்தத்தைச் சேர்க்காமல் தண்ணீர் மட்டும் தருவது.

இதோடு கசிவு நீரையும் அளப்பார்கள். வி வடிவத்தில் வெட்டிய தகட்டின் வழியாகக் கசிவு நீரை ஓடவிட்டு, வெட்டில் அது எவ்வளவு உயரம் வழிகிறது என்று பார்த்தால் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று தெரிந்துவிடும். அணை ஆய்வுச் செய்திகளில் வரும் 'கசிவு நீர் அளவு' இப்படி வருவதுதான். எந்தக் கல் அணையிலும் கசிவு இருக்கும். நீர்மட்டத்துக்கு ஏற்ற அளவில் இருக்கிறதா, கலங்கலாக வருகிறதா என்பதுதான் கேள்வி.

136, 142, 152: சண்டை எங்கே தொடங்கியது?

அணையின் முழு நீர்மட்டம் 152 அடி. 1979-ல் குஜராத்தில் மோர்வி அணை உடைந்து பெரும் உயிரிழப்பு ஏற்பட்டது. அதைத் தொடர்ந்து முல்லைப் பெரியாறு பற்றியும் கேரளத்தில் அச்சம் பரவியது. மத்திய நீர்வள ஆணையத்தின் ஆலோசனைப்படி நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அணையைப் பலப்படுத்திய பிறகு மட்டத்தை மீண்டும் உயர்த்தலாம் என்பதே ஏற்பாடு.

மூன்று வேலைகள் நடந்தன. ஒன்று, அணையின் உச்சியில் கனமான கான்கிரீட் தொப்பி, எடையைக் கூட்டுவதற்கு. இரண்டு, மேலிருந்து துளையிட்டு இரும்புக் கம்பி வடங்களை அடிப்பாறையில் நங்கூரம் போட்டு இழுத்துக் கட்டியது; கவிழாமல் இருக்க. மூன்று, அணையின் பின்பக்கத்தில் கான்கிரீட் முட்டுச்சுவர். அதோடு கசிவு நீரை வெளியேற்றித் தூக்குவிசையைக் குறைக்கும் வடிகால் சுரங்க வழி. கவனித்துப் பார்த்தால் மூன்றுமே நாம் மேலே பார்த்த கணக்கின் பதில்கள்தான்.

2006 பிப்ரவரி 27-ல் 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கேரள சட்டமன்றம் 136 அடிக்கு மேல் கூடாது என்று சட்டத் திருத்தம் கொண்டு வந்தது. மீண்டும் வழக்கு. நீதிபதி ஏ.எஸ்.ஆனந்த் தலைமையிலான குழு ஆய்வு செய்து அறிக்கை தந்தது. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு கேரளத்தின் சட்டத்தைச் செல்லாது என்று அறிவித்து, 142 அடியை உறுதி செய்தது. அந்த ஆண்டு நவம்பரில், 35 வருடத்துக்குப் பிறகு அணை 142 அடியைத் தொட்டது. பக்கத்தில் உள்ள பேபி அணையைப் பலப்படுத்திய பிறகு 152 அடிக்குப் போவது பற்றி முடிவெடுக்கலாம் என்ற நிலையில் விவகாரம் தொடர்கிறது. பழைய அணைக்குப் பதில் புதிய அணை வேண்டும் என்பது கேரளத்தின் கோரிக்கை.

இரு தரப்பு வாதத்தையும் புரிந்துகொள்ள ஒரு விஷயம் உதவும். அணை தாங்குமா என்ற கேள்விக்கு 'அடி' பதில் சொல்லும். ஒருவேளை தாங்காவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு 'டிஎம்சி' பதில் சொல்லும். தமிழ்நாடு பெரும்பாலும் முதல் கேள்விக்கு ஆவணங்களோடு பதில் சொல்கிறது. கீழே பள்ளத்தாக்கில் வாழும் இடுக்கி மக்களின் பயம் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. 152 அடியில் அணையின் மொத்தக் கொள்ளளவு சுமார் 15.6 டிஎம்சி.

தமிழ்நாட்டுப் பக்கமும் இது வெறும் கௌரவப் பிரச்னை இல்லை. சுரங்கத்துக்குத் தண்ணீர் எடுக்கும் மட்டமே 104 அடி. அதற்குக் கீழே எவ்வளவு தண்ணி இருந்தாலும் இந்தப் பக்கம் ஒரு சொட்டு வராது. அணை மேலே போகப் போக அகலமாக விரியும் என்பதால், மேலே உள்ள ஒவ்வொரு அடியிலும்தான் அதிகத் தண்ணீர் இருக்கிறது. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்ட விவசாயமும் குடிநீரும் அந்த அடிகளை நம்பி இருக்கின்றன. சுவருக்கு எந்த அடி கனமோ, வயலுக்கும் அதே அடிதான் கனம்.

கடைசிக் காலம்

அணை முடிந்ததும் பென்னிகுயிக் ஓய்வு பெற்று 1896-ல் இங்கிலாந்து திரும்பினார். இந்தியாவுக்கான பொறியாளர்களை உருவாக்கிய கூப்பர்ஸ் ஹில் கல்லூரிக்கு 1899 வரை தலைவராக இருந்தார். பெரியாறைத் திருப்பிய அனுபவத்தை லண்டன் சிவில் பொறியாளர்கள் கழகத்தில் 1897-ல் கட்டுரையாக முன்வைத்தார். 1899-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரம், 1893 வெள்ளத்தைப் போல இன்னொன்று வராமல் தடுக்க அவரிடம் ஆலோசனை கேட்டது. 1911 மார்ச் 9-ல் கேம்பர்லியில் காலமானார். ஃபிரிம்லி தேவாலய வளாகத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் பலர் குழந்தைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். அவருடைய பிறந்தநாள் ஜனவரி 15 என்பதால் பொங்கலும் அவர் நினைவும் அங்கே ஒன்றாகிவிட்டன. லோயர் கேம்ப்பில் 2013-ல் தமிழக அரசு அவருக்கு மணிமண்டபம் திறந்தது. 2022-ல் கேம்பர்லியிலும் தமிழக அரசு சார்பில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது.

அடுத்த முறை திரையில் 'முல்லைப் பெரியாறு நீர்மட்டம் 140 அடி' என்று ஓடினால், அது வெறும் உயரம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அந்த அடியை மனசில் மீட்டராக்கி (100 அடி என்றால் சுமார் 30 மீட்டர்), பத்தால் வகுத்துப் பாருங்கள். அணையின் அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் தண்ணீர் எத்தனை கிலோ எடையை வைத்து அழுத்துகிறது என்பது கிடைத்துவிடும். 1895-லிருந்து அந்தச் சுவர் இரவும் பகலும் தாங்கிக்கொண்டிருப்பது அதைத்தான்.